யானை இலவசம்

கருந்துறைக்கு ஆற்றுநீரைத் தவிர வேறெதுவும் இலவசமாக வந்ததில்லை. அதனால்தான் பகடை மண்டபத்து முரசுக்காரன், "பத்துக் காசு கொண்டு வாருங்கள், இன்னும் பத்துக் காசு இலவசம்!" என்று தெருத்தெருவாக அறைந்தபோது, கடைவீதியில் பாதிப் பேர் வேலையைப் போட்டுவிட்டு எழுந்தார்கள்.

பரிசல்காரி செவ்வந்தியும் எழுந்தாள். அவளுடைய பரிசலின் தோல் இற்றுப்போயிருந்தது. புதுத் தோலுக்கு நாற்பது காசு வேண்டும். கையில் பத்துதான் இருந்தது. ஆடி பிறந்தால் வெள்ளம் வரும். அப்போது துறையில் பரிசல் இல்லாதவளுக்கு அந்த வருஷம் சோறு இல்லை.

மண்டபத்தில் ஓர் ஓலையை நீட்டினார்கள். அவளுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. காட்டிய இடத்தில் ஒரு கீறல் இட்டாள். ஐந்து நாள் ஆடினாள். அங்கே யாருக்கும் நேராதது அவளுக்கு நேர்ந்தது, ஜெயித்தாள். இருபது காசு அறுபதாயிற்று. "போதும்" என்று எழுந்தாள். வாசலில் நின்றவன் மறித்தான்.

மறுநாள் காலை அழிசி மன்னரின் சபையில் நின்றாள்.

"மகாராசா, ஜெயிச்சது நான். எடுத்துக் குடுன்னா முடியாதுங்கறார்."

மண்டபத்துக்காரன் வச்சிரநாதன் பக்கத்திலேயே நின்றான். மன்னருக்கு அவன்மேல் பிரியம். அரண்மனைக்குப் புது ஓடு வேய்ந்ததே அவன் கட்டிய வரியில்தான்.

"அரசே, எல்லாம் ஓலையில் இருக்கிறது" என்றான் பணிவாக.

மன்னர் கொற்றனைப் பார்த்தார். கொற்றன் சபையில் ஓலை வாசிப்பவர். ஆயுள் முழுவதும் பிறருடைய கடிதங்களைப் படித்தே கண்ணைக் கெடுத்துக்கொண்டவர். ஓலையை வெளிச்சத்தில் பிடித்தார். முதல் வரி நெல்லிக்காய் அளவு எழுத்து. மற்றதெல்லாம் கடுகு.

"இலவசக் காசை வாங்கியவர், தன் காசையும் சேர்த்து, இருபதுக்கு நாற்பது மடங்கு, அதாவது எண்ணூறு காசு பந்தயம் வைத்து ஆடி முடிக்கும்வரை ஒரு காசும் வெளியே எடுக்கலாகாது. ஒரு வீச்சுக்கு ஒரு காசுக்கு மேல் வைக்கலாகாது. ஏழு நாளில் முடிக்காவிட்டால் எல்லாம் மண்டபத்துக்கே."

கொற்றன் நிமிர்ந்தார். "எத்தனை வீச்சு ஆடினாய், அம்மா?"

"நூத்திப்பத்து சாமி."

"பாக்கி அறுநூற்றுத் தொண்ணூறு. நாள் இரண்டு."

"தூங்காமல் ஆடலாம்" என்றான் வச்சிரநாதன். "நாங்கள் தடுக்கவில்லை."

"இவள் கொண்டுவந்த பத்தையாவது கொடுக்கலாமே?"

"அது இலவசத்தோடு கலந்துவிட்டது, ஐயா. இனி எது யாருடையது என்று எப்படிப் பிரிப்பது?"

மன்னர் பெருமூச்சு விட்டார். "கீறல் வைத்தது வைத்ததுதான். நான் என்ன செய்ய?"

"வாஸ்தவம், அரசே" என்றார் கொற்றன். "கட்டிய வரிக்காக நாளை இவருக்கு யானை பரிசளிக்கிறீர்கள். அந்த ஓலையை நானே எழுதட்டுமா?"

"எழுது."

மறுநாள் சபை நிறைந்திருந்தது. வச்சிரநாதன் தன் வெள்ளைக் குதிரையில் வந்து இறங்கினான். கடல் கடந்து வந்த குதிரை. அதைப் பிள்ளைபோல் வளர்த்தான். யானை பெறுகிறவர் தாம் ஏறிவந்த வாகனத்தை யானைக்குப் பக்கத்துத் தறியில் கட்டிவைப்பது கருந்துறை வழக்கம். இரண்டும் பழக வேண்டுமாம். குதிரையைக் கட்டினார்கள்.

கொற்றன் ஓலையை விரித்து, முரசுக்காரனைப் போலக் கூவினார். "வச்சிரநாதருக்கு ஒரு யானை இலவசம்!"

சபை ஆரவாரித்தது. வச்சிரநாதன் முத்திரை மோதிரத்தை அழுத்தினான். அவன் ஓலையைப் படிக்கவில்லை. படிக்காதவர்களை வைத்துப் பிழைத்தவனுக்கு அது தோன்றவும் இல்லை.

யானையை அவிழ்க்கப் போனான். பாகன் குறுக்கே நின்றான்.

"ஓலையப் பாத்துட்டு வாங்க, ஐயா."

கொற்றன் நிதானமாக வாசித்தார். "யானையின் எடையைப்போல் நாற்பது மடங்கு கரும்பை அதற்குத் தின்னக் கொடுத்து முடிக்கும்வரை, யானை கொட்டடியை விட்டு வெளியேறலாகாது. ஒரு தடவைக்கு ஒரு கரும்புக்கு மேல் கொடுக்கலாகாது. ஏழு நாளில் முடிக்க வேண்டும்."

"ஏழு நாளிலா? அதன் வயிறு தாங்குமா?"

"தூங்காமல் கொடுக்கலாம். நாங்கள் தடுக்கவில்லை."

வச்சிரநாதனின் முகம் சுருங்கியது. "யானையே வேண்டாம். என் குதிரையை அவிழ்த்துவிடு."

கொற்றன் ஓலையை இன்னும் கண்ணருகில் கொண்டுபோனார். "பரிசைப் பாதியில் விட்டவர், பக்கத்துத் தறியில் கட்டியதையும் விட்டவர் ஆவார். கடைசி வரி. நானே கொஞ்சம் சிரமப்பட்டுத்தான் எழுதினேன்."

"அரசே, இது அநியாயம்! இந்தப் பொடி எழுத்தை எவன் படிப்பான்?"

மன்னர் செவ்வந்தியைப் பார்த்தார். பிறகு ஓலையைப் பார்த்தார். கடைசியாகத் தலைக்குமேல் இருந்த புது ஓடுகளைப் பார்த்தார். அவற்றைத்தான் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"வச்சிரநாதா, முத்திரை வைத்தது வைத்ததுதான். அவள் ஓலையை நீ கிழித்தால், உன் ஓலையை நான் கிழிக்கிறேன்."

இரண்டும் கிழிந்தன. செவ்வந்தி அறுபது காசை முந்தானையில் முடிந்துகொண்டாள்.

"சாமி, ஒருவேளை நான் தோத்திருந்தா?" என்று கொற்றனிடம் கேட்டாள்.

"அப்போது நீ இங்கே வந்திருக்கவே மாட்டாய், அம்மா. தோற்றவர்கள் யாரும் இதுவரை வரவில்லை."

அவள் தோல்காரர் தெருப்பக்கம் நடந்தாள்.

அன்றே மன்னர் ஆணையிட்டார். இனி மண்டபத்து முரசுக்காரன் நிபந்தனைகள் அத்தனையையும் முதலில் சொல்ல வேண்டும், இலவசத்தைக் கடைசியில் சொல்ல வேண்டும், இரண்டும் ஒரே குரலில். அவன் காலையில் தொடங்கினான். 'இலவசம்' என்ற சொல்லுக்கு வந்து சேர்ந்தபோது உச்சிப்பொழுது. தெருவில் ஓர் எருமை மட்டும் நின்றது.

மன்னர் மகிழ்ந்து, கொற்றனுக்குப் பொன் கடகம் ஒன்றைக் கழற்றிக் கொடுத்தார். கொற்றன் வணங்கி வாங்கினார். உடனே அணியவில்லை. வெளிச்சத்தில் பிடித்தார், திருப்பினார், உட்புறத்தைக் கண்ணருகில் கொண்டுபோய்ச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

"என்ன தேடுகிறாய், கொற்றா? மாற்றுக் குறைந்த பொன்னா?"

"பொன் நல்ல பொன்தான், அரசே. கீழே ஏதாவது எழுதியிருக்கிறதா என்று பார்க்கிறேன்."