ஓணான் சேர்த்த ஏழு சுற்று

ஓணான் தலையை ஆட்டி ஆட்டித் தூரத்திலிருந்தே மனிதரின் இரத்தத்தை உறிஞ்சுகிறது, அதனால்தான் அதன் கழுத்து சிவக்கிறது என்று பரவலாக நம்பப்படுகிறது. இது பிழை. இத்தனை தலைமுறையாக யாரும் இதைத் திருத்த முன்வராதது வருந்தத்தக்கது. ஓணான் தின்பது எறும்பும் பூச்சியும். அது தலையாட்டுவதற்குக் காரணம் ஒரு சண்டை. அந்தச் சண்டையில் ஓணான்மேல் ஓர் அடிகூட விழவில்லை.

விலங்குகளுக்குப் பேச்சு இருந்த அந்தக் காலத்தில், அவற்றுக்குள் ஒரு வழக்கம் இருந்தது. சண்டையில் யாராவது இறந்தால், அதைக் கண்ணால் கண்டவர் மூன்றாம் நாள் இறந்தவரின் வளைக்குப் போய் நடந்ததைச் சொல்ல வேண்டும். சொல்லி முடித்த பிறகுதான் அந்த வீட்டில் சாப்பாடு.

கிளுவை வேலியின் உச்சியில் உட்கார்ந்திருந்ததால் எல்லாச் சண்டையும் ஓணானின் கண்ணில்தான் பட்டது. அது நன்றாகவும் சொன்னது. அது சொல்லப் போகும் நாட்களில் அக்கம்பக்கமே வளைவாசலில் கூடும். மற்ற நாட்களில் வெயில் எப்படி இருக்கிறது என்றுகூட அதை யாரும் கேட்பதில்லை. வேலியின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு ஓடும், திரும்பி வரும். எனவே சாவு விழுந்தால் ஓணானுக்குக் கொஞ்சம் சந்தோஷமாக இருக்கும். அதை அது வெளியில் காட்டிக்கொண்டதில்லை.

ஒருநாள் புற்றருகே நல்லபாம்பு ஒன்று ஒரு கீரியைக் கொன்றது. கீரி தோற்பது அபூர்வம். மூன்றாம் நாள் எள் போட இடமில்லாத கூட்டம். பசியில் சுருண்டு கிடந்த இரண்டு குட்டிகளோடு கீரியின் மனைவி முன்னால் உட்கார்ந்திருந்தது.

"அண்ணே, அன்னைக்குக் காலையில நான் அவரைத் திட்டிட்டேன். பிள்ளைங்க பட்டினி கிடக்குது, வெறும் வாயோட வீட்டுப்பக்கம் வராதேன்னு சொல்லிட்டேன். அந்தக் கோவத்துல போய் விழுந்தாரா, இல்ல திரும்பி வரத்தான் பார்த்தாரா? எனக்கு அது தெரிஞ்சா போதும்."

"எல்லாம் வரும், கேளு தங்கச்சி" என்று ஓணான் தொடங்கியது. "இடி மாதிரிப் பாய்ஞ்சான் பாரு!"

"அடேயப்பா!" என்றது அண்டங்காக்கை.

பாய்ச்சல், சீறல், கடி என்று ஒன்று விடாமல் ஓணான் சொன்னது. ஆனால் அந்தச் சண்டையில் ஒரு குறை இருந்தது. கீரி பாம்பைச் சுற்றி வரவே இல்லை. நின்ற இடத்திலிருந்து பாயும். அதே இடத்துக்குத் திரும்பி வந்து நிற்கும். சுற்றாத கீரியை யார் கேட்பார்கள்? பின்வரிசையில் ஓர் அணில் கொட்டாவி விட்டது. கூட்டம் கலைந்துவிடுமோ என்று ஓணானுக்குப் பயம் வந்தது.

"பாம்பை ஏழு சுற்று சுற்றினான்!" என்றது. "காத்து மாதிரி! பாம்புக்குத் தலையே கிறுகிறுத்துப் போச்சு!"

கூட்டம் ஆரவாரித்தது. கீரியின் மனைவி மட்டும் அசையவில்லை.

"ஏழு சுற்றா? நிசமாவா?"

"கண்ணால பார்த்தேன்மா."

"அப்போ எந்தப் பக்கமும் வழி திறந்துதான் இருந்திருக்கு. எந்தச் சுற்றுலயும் விலகி வந்திருக்கலாமே."

ஓணான் கூட்டத்தின் பக்கம் திரும்பிக்கொண்டது.

"வர மனசில்ல அவருக்கு" என்றது கீரியின் மனைவி. "நான் சொன்ன சொல்லுதான்."

அண்டங்காக்கை கொண்டுவந்து வைத்த இரையைக் குட்டிகள் தின்றன. தாய்க் கீரி தொடவில்லை. பொழுது சாய்வதற்குள் குட்டிகளைக் கூட்டிக்கொண்டு அந்த வளையை விட்டே போய்விட்டது.

மறுநாள் ஓணான் எறும்பு தின்னப் புற்றுக்குப் போனது. எறும்புகள் வரிசையாகப் போய்க்கொண்டிருந்தன. வரிசையின் முடிவில், கீரி நின்ற அதே இடத்தில், விரிசல் விட்ட ஒரு கவுதாரி முட்டை கிடந்தது.

அப்போதுதான் ஓணானுக்குத் தொடக்கம் நினைவுக்கு வந்தது. கீரி புற்றருகே வரும்போது வாயில் ஏதோ வைத்திருந்தது. வீட்டைப் பார்த்துத்தான் வந்துகொண்டிருந்தது. பாம்பைக் கண்டதும் மெதுவாகக் குனிந்து, வாயிலிருந்ததைக் கால்களுக்கு நடுவில் இறக்கி வைத்தது. அதற்குப் பிறகுதான் முதல் பாய்ச்சல். குனிவதில் என்ன சண்டை இருக்கிறது என்று ஓணான் அதைச் சொல்லாமல் விட்டிருந்தது. முட்டையை விட்டு நகர முடியாத கீரி எப்படிச் சுற்றும்?

ஓணான் ஓடியது. வளை காலியாக இருந்தது. "தங்கச்சி! வரத்தான் பார்த்தாரு!" என்று கழுத்து சிவக்கும்வரை கத்தியது. குரல் போன பிறகு வேலியின் உச்சிக்கு ஏறி, யாராவது பார்த்துக் கீரியின் மனைவியிடம் போய்ச் சொல்லட்டும் என்று, சண்டையைத் தலையாலேயே சொல்லத் தொடங்கியது.

ஓணான் முதலில் உடம்பை மெதுவாகத் தாழ்த்தி, அதன் பிறகே தலையை விறுவிறுவென்று ஆட்டுவது அன்று முதல்தான். ஆட்டும்போது அது சுற்றுவதில்லை. வேலிக்குக் கீழே கீரி ஏதாவது போனால் இன்னும் வேகமாக ஆட்டும். கீரிகள் நிமிர்ந்து பார்ப்பதில்லை.