வேறு ஒரு சொல்

சிஸ்டர் ஜெசிந்தாவுக்கு ஒரே ஒரு சீடர்தான் இருந்தார். அவர் குருவைவிடப் பன்னிரண்டு வயது மூத்தவர். பெயர் வியாகப்பன். மிஷன் ஆஸ்பத்திரியில் ரிப்போர்ட் கொடுக்கும் ஜன்னலுக்குப் பின்னால் பதினாலு வருஷமாக உட்கார்ந்திருந்தார்.

சிஸ்டர் அதே ஆஸ்பத்திரியின் லேபில் டாக்டர். உடம்பிலிருந்து வெட்டியெடுத்து வருகிற சதைத் துணுக்கை மைக்ராஸ்கோப்பில் பார்த்து, இன்ன வியாதி என்று எழுதுவது அவர் வேலை. எழுதியது ஒட்டாத உறைக்குள் போகும். உறை வியாகப்பனிடம் போகும். அவர் பெயரைக் கூப்பிட்டு ஜன்னல் வழியாக நீட்டுவார். வாங்கியவர்கள் பிரித்துப் பார்த்து, ஒரு எழுத்தும் புரியாமல், அவரிடமே திருப்பி நீட்டுவார்கள்.

“என்னய்யா போட்டிருக்கு?”

“ஆறாம் நம்பர் ரூம்ல டாக்டர்ட்ட காட்டுங்க.”

இந்த ஒரு வாக்கியத்தை வைத்தே மனிதர் பதினாலு வருஷத்தை ஓட்டிவிட்டார். பிறகு அவருக்கே வெட்கமாகிவிட்டது. ஒருநாள் லேபுக்குப் போய்க் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

“தினமும் அம்பது பேரு எங்கிட்ட கேக்காவ சிஸ்டர். எனக்கு ஒண்ணுமே தெரியல. ஏதாவது சொல்லிக் குடுங்க.”

சிஸ்டர் கன்னியர் மடத்தில் லத்தீன் படித்தவர். “பெரிய வார்த்தையைக் கண்டு பயப்படாதீங்க அண்ணாச்சி. முன்னால ஒட்டிக்கிட்டு நிக்கிற துண்டை மட்டும் முதல்ல பாருங்க. மீதியில பாதி தன்னால தெரிஞ்சிடும்” என்றார்.

அப்படித்தான் பாடம் தொடங்கியது. மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு இருபது நிமிஷம். ஆறு மாசம் நடந்தது. ‘சப்’ என்றால் கீழே. ‘இன்ட்ரா’ என்றால் உள்ளே. ‘போஸ்ட்’ என்றால் பிறகு. ‘பெனி’ நல்லது, ‘மால்’ கெட்டது. ஒரே துண்டோடு வருகிற சொற்களை சிஸ்டர் வரிசையாக எழுதச் சொல்வார். ஒன்றின் இடத்தில் இன்னொன்றைப் போட்டால் பொருந்துமா என்று கேட்பார். வியாகப்பன் கிழித்த காலண்டர் தாளின் பின்பக்கத்தில் எழுதிவைத்து மனப்பாடம் செய்தார். இந்த வயதில் இவருக்கு எதற்கு இந்த வேலை என்று லேப் பெண்கள் சிரித்தார்கள். சிரிக்கட்டும். எனக்கு அந்த மனிதரைப் பிடிக்கும்.

முதலில் பெருமையாகத்தான் இருந்தது. “ஒண்ணுமில்லய்யா, சாதாரணக் கட்டிதான்” என்று ஒரு தேங்காய் வியாபாரியிடம் சொன்னபோது, அவர் ஜன்னல் கம்பிக்குள் கையை விட்டு வியாகப்பன் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். அன்று வியாகப்பன் வீட்டுக்குப் போய் அந்தக் கதையை மூன்று முறை சொன்னார்.

பெருமை சீக்கிரமே தீர்ந்துபோனது. ஒன்றும் தெரியாமல் இருந்த காலத்தில் எல்லா உறையும் அவருக்கு ஒரே கனம். இப்போது சில உறைகளைக் கையில் எடுத்தாலே தோள் வலித்தது. சாப்பாடு இறங்கவில்லை. பாடத்துக்கு வருவதும் குறைந்தது.

ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் இரண்டு மணிக்கு வந்தார். கையில் காலண்டர் தாள் இல்லை. ஒரு உறை இருந்தது.

சிஸ்டர் காலை ஏழு மணியிலிருந்து மைக்ராஸ்கோப்பை விட்டு எழுந்திருக்கவில்லை. கண் சிவந்திருந்தது, இடுப்பு கழன்றுவிடும் போலிருந்தது. உண்மையைச் சொன்னால், அந்த நேரத்தில் வியாகப்பன் வராமல் இருந்திருக்கலாம் என்றுதான் அவருக்குத் தோன்றியது.

“சிஸ்டர், படிச்சதை மறக்குறதுக்கு ஏதாவது வழி இருக்கா?”

“இருந்தா முதல்ல நான் மறந்திருப்பேன். கையில என்ன?”

“மாடத்தின்னு ஒரு அம்மா. பீடி சுத்துதாவ. மார்ல கட்டி. பத்து மணிக்கே வந்துட்டாவ. ரிப்போர்ட்டும் வந்துட்டு. நாந்தான் குடுக்கல.”

“ஏன்?”

“மால்னு ஆரம்பிக்குது.”

சிஸ்டர் உறையை வாங்கிப் பார்க்கவில்லை. அதை எழுதியவரே அவர்தான்.

“அவங்ககிட்ட என்ன சொன்னீங்க?”

“இன்னும் வரலைன்னு சொல்லிட்டேன்.”

“எப்ப?”

“பதினோரு மணி இருக்கும்.”

சிஸ்டர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார்.

“ஆறாம் நம்பர் டாக்டர் நாலு மணி வரைக்கும் ஆபரேஷன் தியேட்டர்ல இருக்காரு” என்றார் வியாகப்பன். “கவரைக் குடுத்தா அந்தம்மா எங்கிட்டதான் கேப்பாவ. கூட யாரும் வரல. நான் என்னத்த சொல்ல?”

“என்ன வேணும் உங்களுக்கு?”

“ஒரு வார்த்தைக்குப் பதிலா இன்னொரு வார்த்தை போடலாம்னு நீங்கதான சொல்லிக் குடுத்தீங்க? இதுக்கு ஒண்ணு குடுங்க. பொய்யா இருக்கக் கூடாது. கேக்குறப்ப உயிரும் போகக் கூடாது.”

சிஸ்டர் ஒரு வெள்ளைத் தாளை எடுத்து அவர் பக்கம் தள்ளினார்.

“உங்களுக்குத் தெரிஞ்சதை எல்லாம் எழுதுங்க.”

வியாகப்பன் நின்றபடியே எழுதினார். கெட்டது. தீயது. பரவுவது. பொல்லாதது. ஒவ்வொன்றையும் எழுதி, உதட்டுக்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்து, அடித்தார். கடைசியில் ‘கொஞ்சம் கவனிக்க வேண்டியது’ என்று எழுதினார். அதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அதையும் அடித்துவிட்டார்.

“ஒண்ணும் தேறல சிஸ்டர்.”

“எனக்கும் தேறல. பதினெட்டு வருஷமா தேடுறேன்.”

இதைச் சொன்னபோது சிஸ்டர் சிரிக்கவில்லை. மைக்ராஸ்கோப்பின் விளக்கை அணைத்துவிட்டு நாற்காலியில் சாய்ந்தார்.

“அந்தம்மா இப்ப எங்க இருக்காங்க?”

“ஃபேனுக்குக் கீழ உக்காந்திருக்காவ. அப்பவே நாந்தான் வெளிய போயி இடம் பாத்து உக்கார வச்சேன்.”

“ஜன்னலை விட்டு எந்திரிச்சுப் போனீங்களா?”

“ஆமா.”

“எல்லாருக்கும் அப்படி எந்திரிச்சுப் போவீங்களா?”

வியாகப்பன் யோசித்தார். “இல்ல.”

“அப்புறம் என்ன செஞ்சீங்க?”

“டீ வாங்கிக் குடுத்தேன்.”

“குடிச்சாங்களா?”

“இல்ல. ஆடை படிஞ்சு அப்படியே இருக்கு.”

“அதுக்கு முன்னால ரிப்போர்ட்டைப் பத்திக் கேட்டாங்களா?”

“நாலஞ்சு தடவ கேட்டாவ. மூணு மணி பஸ்ஸைப் பிடிச்சிரலாமான்னும் கேட்டாவ.”

“டீ குடுத்த பிறகு?”

வியாகப்பன் கதவுப் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

“கேக்கல.”

“பஸ்ஸைப் பத்தி?”

“அதையும் கேக்கல.”

லேபில் வேறு யாரும் இல்லை. வெளியே வராந்தாவில் யாரோ டோக்கன் நம்பர் கூப்பிடுவது கேட்டது. அந்த நம்பருக்கு யாரும் வரவில்லை போலிருக்கிறது, மறுபடியும் கூப்பிட்டார்கள்.

“முன்னால இருக்கிறதைப் பார்த்து மீதியைக் கண்டுபிடிக்க உங்களுக்கு ஆறு மாசம் ஆச்சு” என்றார் சிஸ்டர். “அந்தம்மாவுக்கு அவ்வளவு நேரம் ஆகல.”

வியாகப்பன் கையிலிருந்த உறையைப் பார்த்தார். படித்த பிறகு மறுபடி மடித்து மூடிய உறைதான். ஓரம்கூடக் கசங்கவில்லை. மேஜையைப் பிடித்துக்கொண்டார்.

“நான் நல்லதுன்னு நெனச்சுத்தான் செஞ்சேன் சிஸ்டர்.”

“தெரியும்.”

“இப்ப நான் போயி என்னத்த சொல்ல?”

சிஸ்டர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு மெல்ல எழுந்தார். உறையை அவர் கையிலிருந்து வாங்கித் தன் கோட்டுப் பையில் வைத்துக்கொண்டார்.

“எழுதினது நான். நானே வந்து சொல்றேன். கையைக் கழுவிட்டு வர்றதுக்கு அஞ்சு நிமிஷம் ஆகும். அதுவரைக்கும் நீங்க போய் அவங்க பக்கத்துல உக்காருங்க அண்ணாச்சி. மூணு மணி நேரமா அவங்க அதைத் தெரிஞ்சு வச்சுக்கிட்டுத் தனியா உக்காந்திருக்காங்க.”