ஜமீன்தாரின் சூட்டுப்படம்

பழுக்கக் காய்ச்சிய கம்பியால் பலகையில் படம் சுடும் செண்பகவல்லியை ஜமீன்தார் மருதப்ப பூபதி கூப்பிட்டனுப்பினார்.

"என் படம் வேணும். மீசையைத் தவிர முகத்துல ஒரு சூடுகூடப் படக்கூடாது, செவப்பாத் தெரியணும். பாக்கிறவன் நான்தான்னு சொல்லணும். இல்லேன்னா நீ ஊரைவிட்டே போகணும்!"

"ஆகட்டும் எசமான்."

கம்பியால் மெல்லத் தடவித் தலைப்பாகை மடிப்புகளுக்கு இளநிழல் கொடுத்தாள். அழுத்தி இழுத்து மீசையை முடிமுடியாகச் சுட்டாள். முகமிருக்க வேண்டிய இடத்தில் வெறும் பலகை.

சபையில் திரையை விலக்கியதும் ஜமீன்தார் குதித்தார். "எங்கடி என் மூஞ்சி?"

"சூடு படாம அப்படியே இருக்கு, எசமான்," என்றாள், சிரிப்பை அடக்கிக்கொண்டு.

"இதை எவன் நான்னு சொல்லுவான்?"

அப்போதுதான் உள்ளே வந்த காவல்காரன் மீசையைக் கண்டதும் பலகைக்கு முன்னால் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தான். சபையே குலுங்கிச் சிரித்தது.

"சிரிக்காதீங்கடா!" என்று அலறினார் ஜமீன்தார். "அம்மா செண்பகம், உனக்குப் புண்ணியமாப் போகும், என் மூஞ்சியில நல்லாச் சூடு போடு!"