கூண்டுக்குள் மாசானம்

மலையடிவார ஊருக்குள் தினமும் ஒரு சிறுத்தை வந்து நாய்களைத் தூக்கிக்கொண்டு போனது. அதைப் பிடிக்க வனத்துறையின் கூண்டு வந்தது.

"உயிருள்ள ஆட்டைக் கட்டினா கொடுமை. நீயே உள்ளே உட்கார்ந்து ஆடு மாதிரி கத்து" என்றார் ரேஞ்சர், காவலாள் மாசானத்திடம்.

மாசானம் எலும்பும் தோலுமான ஆள். பல்லியைக் கண்டாலே வியர்த்துவிடும்.

"உட்காருதேன் ஐயா. என்னைய ஆடுன்னு ஒரு தாள்ல எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுங்க."

"எதுக்குடா?"

"மனுசனா இருந்தாத்தான உள்ள தள்ளுவீங்க? ஆடாயிட்டா உங்க மனசு தாங்காதுல்லா."

கூடியிருந்த ஊரே சிரித்தது. ரேஞ்சர் கசாப்புக் கடைக்கு ஆளனுப்பிக் கறி வாங்கிக் கூண்டுக்குள் தொங்கவிட்டார்.

மாசானம் வீட்டில் இதை மார்தட்டிச் சொன்னான். சோறு போட்ட மனைவி உலகம்மை அவன் விலா எலும்பைப் பார்த்தாள்.

"அதுவும் சரிதான். உங்களப் போட்டிருந்தா சிறுத்தைக்குல்லா கொடுமை."