தூசியைப் படமெடுத்த காலை

“வால்நட்சத்திரத்தோட வாலுல ஓட்டை விழுந்து கெடக்கு, டீச்சர்” என்றார் தங்கப்பழம்.

ஜன்னத் டீச்சர் லேப்டாப்பை எட்டிப் பார்த்தாள். பச்சைத் தலையும் நீண்ட வாலும் அழகாகத்தான் வந்திருந்தன. ஆனால் வாலின் மேல் வடை வடையாகக் கறை. நான்கு மூலைகளும் இருண்டிருந்தன.

அந்தப் படத்தை எடுத்த கேமரா, வெட்டவெளியில் டெலஸ்கோப்பின் பின்னால் மாட்டியபடியே நின்றது. கயத்தாறு காற்றாலைகளுக்குப் பின்னால் கிழக்கு வெளுக்கத் தொடங்கியிருந்தது.

தங்கப்பழம் கோவில்பட்டியில் கல்யாண ஸ்டூடியோ வைத்திருப்பவர். அவர் கை பட்டால் மாப்பிள்ளையின் பருவும் மறையும், மாமியாரின் சுருக்கமும் மறையும். டீச்சர் கல்லூரியில் இயற்பியல் நடத்துகிறவள். அவர் வயதில் பாதிகூட இருக்காது. வானத்தைப் படமெடுக்க அவளிடம்தான் அவர் பாடம் கேட்டார். அதற்காக வெட்கப்பட்டதில்லை.

வால்நட்சத்திரம் இன்றோடு சரி. நாளை சூரிய வெளிச்சத்தில் மறைந்துவிடும். அது மறுபடி வரும்போது கோவில்பட்டி இருக்குமோ என்னவோ, தங்கப்பழம் நிச்சயம் இருக்க மாட்டார்.

“கேமராவுக்குள்ள கரிசக்காட்டுத் தூசி போயிருக்கு. சனியன், எங்க போனாலும் ஒட்டிக்கிடுது” என்று, தூசி ஊதும் ரப்பர் குமிழைப் பையிலிருந்து எடுத்தார்.

டீச்சர் குறுக்கே கையை நீட்டினாள்.

“ஊதாதீங்க அண்ணாச்சி.”

“அழுக்கை வச்சிக்கிட்டு என்ன செய்ய?”

“சட்டையக் கழட்டுங்க.”

குரு சொன்னால் செய்ய வேண்டும் என்று பெரியவர்கள் சொல்லியிருக்கிறார்கள். பனியனோடு நிற்கக் கூடாது என்று யாரும் சொன்னதில்லை. கழற்றிக் கொடுத்தார்.

அந்த வெள்ளைச் சட்டையை டெலஸ்கோப்பின் வாயில் சுருக்கமில்லாமல் இழுத்துக் கட்டி, வெளுக்கிற வானத்தைப் பார்க்கத் திருப்பி வைத்தாள். இந்த வெறும் வெள்ளையைப் படமெடுங்கள் என்றாள். இதிலும் அதே இடத்தில் அதே கறை விழும். ராத்திரி எடுத்த படத்தை இந்தப் படத்தால் கம்ப்யூட்டர் வகுக்கும், கறை விலகும். ஆனால் ராத்திரி இருந்த தூசி இப்போதும் அதே இடத்தில் இருக்க வேண்டும். கேமராவை அசைக்கக் கூடாது, ஃபோகஸைத் தொடக் கூடாது.

இதே கேமரா காலையில் ஒரு கல்யாண முகூர்த்தத்துக்கும் போக வேண்டும். டெலஸ்கோப்பிலிருந்து கழற்றிவிட்டால் தூசி இடம் மாறிவிடும், அதன் பிறகு என்ன எடுத்தும் பயனில்லை. கேமராவுக்காகக் காத்திருந்த அவர் மகன் போன் மேல் போன் போட்டுக்கொண்டிருந்தான்.

முதல் படத்தைக் காட்டினார்.

“இருட்டு. தூசியே தெரியல, வெறும் புள்ளி புள்ளியாத்தான் இருக்கு” என்றாள்.

அடுத்த படத்துக்கு வெளிச்சத்தை அள்ளிக் கொட்டினார். பளிச்சென்று பால் மாதிரி வந்தது. பெருமையோடு காட்டினார்.

“இதுல உங்க தூசி எங்க?”

“ஒரு பொட்டுகூடத் தெரியாம எடுத்திருக்கேன்ல?”

“அதான் தப்பு.”

படம் பளிச்சென்று இருப்பதைக் குறை சொன்ன முதல் மனுஷி அவள்தான். அவருக்குச் சுருக்கென்றது. போன் மறுபடி அடித்தது. அணைத்துப் பையில் போட்டார்.

கேமராத் திரையில் வெளிச்சத்தைக் காட்டும் சின்ன மேடு ஒன்று உண்டு. அது இடது ஓரம் ஒட்டினால் இருட்டு, வலது ஓரம் முட்டினால் வெறும் வெளுப்பு. அதை நடுவில் நிறுத்த வேண்டும். வானமோ நிமிடத்துக்கு நிமிடம் வெளுத்தது. இப்போது சரியாக வைத்த அளவு அடுத்த படத்துக்குள் தப்பாகிப் போனது.

தங்கப்பழம் விடுவதாக இல்லை. மேடு ஓடியது, பிடித்தார். மறுபடி ஓடியது, மறுபடி பிடித்தார். காற்று பனியனுக்குள் புகுந்து உதறியது. பல்லைக் கடித்துக்கொண்டு நின்றார். உடும்புப் பிடி என்பார்களே, அதுதான்.

கடைசியில் மேடு நடுவில் நின்றது. ஒன்று போதாதென்று, அளவை மாற்றி மாற்றி வைத்துப் படங்களாக எடுத்துத் தள்ளினார்.

பிறகுதான் எடுத்ததைப் பார்த்தார். சாம்பல் நிறம். ஓரமெல்லாம் மங்கல். வடை வடையாகத் தூசி, போதாக்குறைக்கு ஒரு மயிரிழை. ஸ்டூடியோவில் யாராவது இப்படி எடுத்திருந்தால் அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பியிருப்பார். காட்டவே கூசியது. ஆனாலும் காட்டினார்.

“அசிங்கமா இருக்கு, டீச்சர்.”

“இது போதும்” என்று அவள் லேப்டாப்பை இழுத்துக்கொண்டாள்.

கொஞ்ச நேரத்தில் திரையில் வால்நட்சத்திரம் வந்தது. ஒரு கறை இல்லை. மூலைகளிலும் வானம் நிறைந்திருந்தது. வால் தலையிலிருந்து நுனிவரை முழுசாக நீண்டு கிடந்தது.

தங்கப்பழத்துக்குக் கண் கலங்கிவிட்டது. முகத்தைத் துடைக்கச் சட்டையும் இல்லை. திரையில் கறை இருந்த இடத்தை விரலால் தடவிப் பார்த்தார்.

“அந்தத் தூசியெல்லாம் எங்க போச்சு, டீச்சர்?”

“எங்கயும் போகல அண்ணாச்சி. இருந்த இடத்துலயேதான் இருக்கு.”