பட்டாலி எழுதிய பூனை

வாருங்கள் பிள்ளைகளே, பிள்ளைகளைப் பெற்றவர்களே, சற்று உட்காருங்கள். இன்றைய ஊர்கள் இன்றைய பெயர்களைப் பெறுவதற்கு முன்னால் ஓர் அரசன் இருந்தான். அவன் கோயில் கட்டினான். எல்லா உயிர்களும் சிவனைத் தொழுவதுபோல் மண்டபச் சுவரில் ஓவியம் எழுதும்படி பட்டாலி என்னும் ஓவியப் பெண்ணைப் பணித்தான்.

வண்ணத்தில் விளாம்பிசின் கலக்க வேண்டும் என்பது அவள் குலத்து முறை. முறை தவறினால் கோயிலில் எழுதும் உரிமை போய்விடும். அந்த ஆண்டோ மழை இல்லை, மரங்களில் பிசின் கசியவில்லை. குடமுழுக்கு நெருங்கியது. பட்டாலி யாரிடமும் சொல்லாமல் அரிசிக் கஞ்சியைக் கலந்தாள்.

கஞ்சி வாசனைக்கு எலிகள் சாரமேறி வந்தன. முதல் நாள் காலையில் மானின் காலைக் காணோம். இரண்டாம் நாள் மயிலின் கழுத்தைக் காணோம். மூன்றாம் நாள் யானையின் தும்பிக்கையே போயிருந்தது. பட்டாலி அழுதாள். அழுதபடியே திருத்தினாள்.

நான்காம் நாள், நிறைசினையாக ஒரு சாம்பல் பூனை வந்து சேர்ந்தது.

திருப்பணியை மேற்பார்த்த மாராயர் கோலை ஓங்கினார். "நல்ல காரியத்தின் நடுவே பூனையா? விரட்டு!"

"பிள்ளைத்தாய்ச்சியை எங்கே ஐயா விரட்டுவது?" என்றாள் பட்டாலி.

"ஏன், உனக்குச் சம்பந்தியா?"

"சீர்வரிசை என்ன கொண்டுவந்திருக்கிறது என்று பார்த்துவிட்டுச் சொல்கிறேன்."

மாராயர் தலையில் அடித்துக்கொண்டு போனார். பூனை அவளுடைய கந்தல் கூடையில் மூன்று குட்டிகள் ஈன்றது. பிறகு எலிகள் அந்தப் பக்கமே வரவில்லை.

குடமுழுக்குக்கு முதல் நாள் அரசன் வந்தான். சுவரில் ஒரு சாண் இடம்தான் மிச்சம்.

"அங்கே பூனையை எழுது," என்றார் மாராயர். "ஒற்றைக்காலில் நின்று தவசிபோல் நடிக்கட்டும். ஏமாந்த எலிகள் கும்பிடட்டும். பார்ப்பவர்கள் சிரிப்பார்கள்."

அரசனும் சிரித்து, "அப்படியே எழுது," என்றான்.

பட்டாலி தூரிகையை எடுத்தாள். எழுதிவிட்டால் உரிமை நிலைக்கும். வாய் திறந்தால் போய்விடும். கூடையில் குட்டிகள் பால் குடிக்கும் சத்தம் கேட்டது. அவள் தூரிகையைக் கீழே வைத்தாள்.

"அரசே, இந்தச் சுவரில் பொய் வேடம் போட்டது பூனை அல்ல, நான். பிசினுக்குப் பதில் கஞ்சி கலந்தேன். எலிகள் தின்றன. இது வந்திராவிட்டால் நீங்கள் இன்று வெறும் சுண்ணாம்பைத்தான் பார்த்திருப்பீர்கள். இதைக் கள்ளி என்று என் கையால் எழுத மாட்டேன்."

அரசன் விரலை நனைத்துச் சுவரைத் தொட்டு நாக்கில் வைத்தான். "கஞ்சிதான்," என்றான்.

"உரிமையைப் பறியுங்கள்!" என்றார் மாராயர்.

அரசன் குனிந்து கூடைக்குள் பார்த்துவிட்டு அவள் பக்கம் திரும்பினான்.

"யாரும் கேட்காதபோது, ஒரு பூனைக்காக உன்னையே காட்டிக்கொடுத்தாய். பிசின் கிடைத்ததும் சுவர் முழுவதையும் மறுபடி எழுது, அதுவே தண்டனை. உரிமை உன்னிடமே இருக்கட்டும். இப்போது அந்த இடத்தில், நீ கண்ட பூனையை எழுது."

சுவரில் சிவனைத் தொழும் தேவர்களின் காலடியில், மூன்று குட்டிகளுக்குப் பாலூட்டியபடி கண்மூடிப் படுத்திருக்கும் ஒரு தாய்ப்பூனையை அவள் எழுதினாள்.

நம்மைக் காத்தவரின் நற்பெயரைக் காக்க நம் குற்றத்தையே சொல்ல நேர்ந்தாலும், அதைச் சொல்லிவிடுவதுதான் நன்றி.