அத்திப்பழமும் சகதிப் பிசாசும்

மலைக்காட்டு மரப்பொந்து ஒன்றில் செம்பி என்ற இருவாச்சிப் பறவை பசியோடு உட்கார்ந்திருந்தாள். அவளுடைய இரண்டு குஞ்சுகளும் "அம்மா, பசி! பசி!" என்று காதைத் துளைத்தன.

வெளியே போய் இரை தேடலாமே என்கிறீர்களா? அதுதான் முடியாது! முட்டையிடப் பொந்துக்குள் போகும் இருவாச்சி அம்மா, வாசலை மண்ணால் பூசி அடைத்துவிடுவாள். அலகு நீட்ட ஒரு சந்து மட்டும் இருக்கும். இறகும் உதிர்ந்துபோகும். வீட்டுக்காரர்தான் பழம் கொண்டுவந்து ஊட்ட வேண்டும். விடிந்ததும் போன அவள் கணவன் கொண்டையனை உச்சிவெயில் ஏறியும் காணோம்.

"அண்ணி, சௌக்கியமா?"

செம்பி சந்து வழியே பார்த்தாள். ஒரு மரநாய்! நக்கி நக்கி வழித்த பளபளப்பான ரோமம், பணிவான முகம், கையில் செக்கச்செவேலென்று அத்திப்பழங்கள்.

"அண்ணன்தான் அனுப்பினார். பழம் பெரிசு, சந்துக்குள் நுழையாது. சுவரைக் கொஞ்சம் இடியுங்கள் அண்ணி!"

"என்ன மரியாதை! என்ன லட்சணம்! இவனைப் போய்ப் பொல்லாதவன் என்கிறார்களே!" செம்பிக்கு உள்ளம் குளிர்ந்துவிட்டது. டொக் டொக்கென்று உள்ளிருந்து கொத்தினாள். சுவர் விரிசல் விட்டது.

அந்த நேரம் பார்த்து எதிர்க்கிளையில் ஏதோ ஒன்று தொப்பென்று வந்து உட்கார்ந்தது. உடம்பெல்லாம் சேறு! "ங்ங்! ங்ங்ங்!" என்று கத்தியது.

"ஐயோ அண்ணி, சகதிப் பிசாசு! குஞ்சுகளைத் தின்ன வந்திருக்கிறது! சீக்கிரம் இடியுங்கள், நான் உள்ளே வந்து காப்பாற்றுகிறேன்!" என்றது மரநாய்.

செம்பி நடுங்கிப்போனாள். குஞ்சுகளோ பழத்தைப் பார்த்து வாயைப் பிளந்தன. "முதலில் இதுகளுக்கு ஒரு வாய்!" என்று அலகை நீட்டி ஒரு பழத்தைப் பிட்டாள். சீ! உள்ளே நெளுநெளுவென்று புழுக்கள்!

கொத்துவதை நிறுத்திவிட்டாள். அதற்குள் பிசாசின் வாயிலிருந்து பொத்தென்று ஒரு பழம் விழுந்தது. பிறகு இன்னொன்று! தொண்டையில் பழத்தை அடக்கி வந்து ஒவ்வொன்றாக ஊட்டுவது இருவாச்சி அப்பாக்களின் வழக்கமாயிற்றே! பிசாசுக்கு ஏது அந்தப் பழக்கம்?

"ஏங்க, நீங்களா!"

"நானேதான்! கிளை முறிந்து பன்றிகள் புரளும் குட்டையில் விழுந்துவிட்டேன். இடிக்காதே செம்பி, அவன் குஞ்சு தின்கிறவன்!"

தொண்டை காலியான கொண்டையன் பாய்ந்து வந்து மரநாயின் மூக்கில் ஒரு போடு போட்டான். மரநாய் விழுந்தடித்து ஓடியது. செம்பி கணவன் மேலிருந்த சேற்றை வழித்தே விரிசலைப் பூசினாள். "இந்த முகத்தைப் பார்த்தா பயந்தேன்!" என்று அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன.

"அத்திப்பழத்தைப் பிட்டுப் பார்த்தால் அத்தனையும் புழு" என்று ஊரார் ஒரு பழமொழி சொல்கிறார்களே, அது அன்று அந்தப் பொந்தில் பிறந்ததுதான் என்று காட்டில் எல்லோரும் சத்தியம் செய்வார்கள். வெளிப்பூச்சைப் பார்த்து நல்லவன் கெட்டவன் என்று முடிவு கட்டினால், பகைவனுக்குக் கதவைத் திறந்துவிட்டு உற்றவனை வெளியே நிறுத்திவிடுவோம்.